கணிதமும் காரணமும்

பண்டைப் பெருமை பேசுதல் நம்மவர்க்கு மிகவும் இனியதொரு பொழுதுபோக்கு. கலியாணப் பந்தலிலும், ஆண்டுவிழா மேடையிலும், இரயில் வண்டியிலுங்கூட, "உலகத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தவர் நம் முன்னோர் அல்லரோ!" என்று ஒருவர் தொடங்கிவிட்டால், கேட்டோர் அனைவரும் தலையசைத்து மகிழ்வர். ஆயின், அக்கூட்டத்தில் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, கொடுத்தவர் பெயர் யாது? எவ்வூரினர்? எந்த ஆண்டில், எந்த நூலில் எழுதினார்? எழுதியதுதான் என்ன?" என்று வினவுவானாயின், விடை கூறுவார் அரியர். வினவியவனை அதட்டி உட்கார வைப்பதே பெரும்பாலும் நிகழ்வது.

பெயரும் ஆண்டும் காரணமும் அறியாத பெருமை, பத்திரமில்லாத நிலத்தை ஒக்கும். பிறன் ஒருவன் வந்து, "இது உன்னுடையதன்று" என்று சொல்லிவிட்டால், எடுத்துக் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமிராது. நமது கணித சாஸ்திரத்தின் விஷயத்தில் அங்ஙனமே ஒருகால் சொல்லவும்பட்டது. அப்போது நமக்காகச் சாட்சி கூறியது மேடைப் பேச்சன்று. மலையாள தேசத்து ஓலைச்சுவடி ஒன்று. அவ்வரலாற்றையும், அதனால் நாம் அறிந்துகொள்ளத்தக்க பாடத்தையும் நமது சங்கத்து அன்பர்களுக்கும், அவர்தம் இல்லத்துத் தாய்மார்க்கும் மாணாக்கர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆரியபடரும் பிரமகுப்தரும்

நம் நாட்டுக் கணித ஆசிரியருள் காலம் ஐயமின்றித் தெரிந்த முதல்வர் ஆரியபடர் எனலாம். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவரே தமது நூலிற் குறித்துள்ளார். அதைக் கொண்டு அவர் பிறந்தது கி.பி. 476 என்றும், ஆரியபடீயம் குறிப்பிடும் ஆண்டு 499 என்றும் கணக்கிடுவர். குறள்போற் சுருங்கிய அந்நூலில், 20000 அளவு விட்டமுள்ள வட்டத்தின் பரிதி 62832 என்று கூறுகின்றார். வகுத்துப் பார்ப்பின் 3.1416 வரும். இதனினும் வியக்கத்தக்கது, அவ்விடத்து அவர் சேர்த்த ஒரு சொல். இவ்வளவு 'ஆஸன்னம்', அஃதாவது கிட்டிய அளவு, என்கின்றார். 'இதுவே முடிந்த முடிவு' என்று அவர் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததன் எல்லையையும் சேர்த்துச் சொல்லுதலே அறிஞர் இயல்பு.

இன்று பள்ளிச் சிறுவர் படிக்கும் 'சைன்' என்னும் சொல்லுக்கும் மூலம் இந்நாட்டதே. வில்லின் நாணை 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் வடமொழியிற் சொல்வர். வட்டத்தின் ஒரு பகுதி வில்லைப் போன்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் கோடு நாணைப் போன்றும் இருத்தலால் அப்பெயர் வந்தது. அராபியர் அதனைத் தம் எழுத்தில் 'ஜிப' என்று எழுதினர். உயிர்க்குறி இன்றி எழுதும் அவ்வழக்கினால், பின்வந்தோர் அதனை 'ஜைப்' என்று படித்தனர். ஆடையின் மடிப்பு, மார்பகம் என்பது அதன் பொருள். லத்தீன் மொழியினர் அப்பொருள்படவே 'ஸைனஸ்' என்று பெயர்த்தனர். வில்லின் நாண் ஆடை மடிப்பான விந்தை இதுவே.

இனிப் பூஜ்யத்துக்கு வருவோம். பிரமகுப்தர் 598-ல் பிறந்தவர். இன்றைய இராஜஸ்தானத்தில் பின்மால் என வழங்கும் ஊரினர் என்பர். அவர் 628-ல் இயற்றிய பிரமஸ்புட சித்தாந்தம் என்னும் நூலில், பூஜ்யத்தை வெற்றிடக் குறியாக மட்டும் கொள்ளாது, கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய ஓர் எண்ணாகவே கொண்டு விதிகள் வகுத்தார். வியாபாரக் குடும்பத்தினர்க்கு அவ்விதிகள் எளிதில் விளங்கும். கையிருப்பைத் 'தனம்' என்றும், கடனை 'ருணம்' என்றும் அவர் பெயரிடுகின்றார். தனமும் அதற்குச் சமமான ருணமும் சேர்ந்தாற் பூஜ்யம். இரண்டு ருணங்களைப் பெருக்கினால் தனம். இன்று நம் பிள்ளைகள் கூட்டற்குறி, கழித்தற்குறி என்று படிப்பன இவையே.

ஆயின், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாற் பூஜ்யமே வரும் என்றும் அவர் எழுதினார். இது பிழை. பெரியோர் செய்த பிழையை மறைப்பது அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் ஒருவர் தனியே நின்று அவ்வினாவைத் தொட்டார் என்பதே அவருக்குப் புகழ்.

குவாலியர்க் கோட்டையிலுள்ள ஒரு சிறு கோயிலில் 876-ஆம் ஆண்டின் கல்வெட்டொன்று உளது. கோயிலுக்கு விடப்பட்ட நந்தவனம் 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உடையதென்றும், நாடோறும் 50 மாலைகள் அளிக்க வேண்டுமென்றும் அது கூறும். 270, 50 என்னும் எண்களில் இன்று நாம் எழுதுவதுபோன்றே பூஜ்யம் வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. பூமாலைக் கணக்கிற் புகுந்த பூஜ்யம், அராபியர் வாயிலாக மேற்கே சென்றது. 1202-ல் இத்தாலியரான பிபோனாச்சி தமது கணித நூலைத் தொடங்கும்போது, ஒன்பது இலக்கங்களையும் 'இந்தியரின் இலக்கங்கள்' என்றே குறிப்பிட்டுப் பூஜ்யக் குறியையும் உடன் கூறினார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் லீலாவதி முதலிய பகுதிகளையுடைய சித்தாந்த சிரோமணியை 1150-ல் முடித்தார். லீலாவதி அவர் மகள் என்றும், முகூர்த்த வேளையை அளக்கும் நீர்க் கடிகையில் முத்தொன்று விழுந்து அடைத்தமையால் அவள் மணம் தடைப்பட்டதென்றும், அவளைத் தேற்றவே அந்நூல் எழுந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. நமது இல்லத்துப் பெண்மணிகள் பலர் இதனைக் கேட்டிருப்பர். ஆயின், இக்கதை பாஸ்கரர் நூலில் இல்லை. அக்பர் அவைப் புலவரான பைஸி 1587-ல் அந்நூலைப் பாரசீகத்திற் பெயர்த்தபோது தமது முன்னுரையிற் சேர்த்தது அது. கதை இனியதே, எனினும் கதையைக் கதையாகவும் சரித்திரத்தைச் சரித்திரமாகவும் வைத்தல் வேண்டும்.

நிளையாற்றங்கரை ஆசிரியர்கள்

பாஸ்கரருக்குப் பின் பாரத கணிதம் உறங்கிவிட்டது என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். அஃது உண்மையன்று. பாரதப்புழை என்றும் நிளை என்றும் வழங்கும் ஆற்றையடுத்த மலையாள நாட்டுச் சிற்றூர்களில், பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஆசிரியரும் மாணாக்கருமாக ஒரு பரம்பரை இடையறாது விளங்கியது.

அப்பரம்பரையின் முதல்வர் சங்கமக்கிராமத்து மாதவர். அவ்வூர் இக்காலத்து இரிஞாலக்குடையை அடுத்தது என்று கருதுவர். அவர் காலம் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை. அவருடைய மாணாக்கர் பரமேசுவரர், ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு குறித்து வந்து, பழைய கணக்கு வானத்தோடு ஒவ்வாமை கண்டு, 1431-ல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். பரமேசுவரரின் மகன் தாமோதரர். தாமோதரரின் மாணாக்கர் நீலகண்ட சோமயாஜியும் ஜ்யேஷ்டதேவரும். நீலகண்டர் 1500-ஐ ஒட்டித் தந்திரசங்கிரகம் இயற்றினார். ஜ்யேஷ்டதேவரின் மாணாக்கர் அச்சுதப் பிஷாரடி.

இப்பிஷாரடியார் கோயிற்பணிக் குலத்தினர், அந்தணர் அல்லர். நாராயணீயம் பாடிய மேல்புத்தூர் நாராயண பட்டதிரி, நம்பூதிரி அந்தணராயிருந்தும், இவரையே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். நீலகண்டர் நூலுக்கு உரை கண்ட சங்கர வாரியரும் கோயிற்பணிக் குலத்தவரே. குலவேற்றுமை மிகக் கடுமையாயிருந்த நாட்டில், அக்காலத்திலேயே, அறிவு தனக்குரிய இடத்தைத் தானே தேடிக்கொண்டது என்பதை நம் சங்கத்தினர் குறித்துக்கொள்வாராக.

நிற்க, மாதவர் செய்தது யாது? வட்டத்தின் பரிதியை எந்த அளவு நுட்பமாக வேண்டுமாயினும் காணத்தக்க ஒரு முடிவிலாத் தொடரை அவர் கண்டார். விட்டம் 1 ஆயின், பரிதி காண 4-ஐ வைத்துக்கொள்க. அதினின்று 4-ன் மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, ஒன்பதிலொன்றைக் கூட்டி, இங்ஙனமே ஒற்றைப்படை எண்களால் வகுத்துக்கொண்டு செல்க. செல்லச் செல்ல உண்மைப் பரிதியை நெருங்கும்.

ஆயின் ஓர் இடர் உண்டு. இத்தொடர் ஆமைபோல் நகர்வது. மேற்சொன்ன ஐந்து உறுப்புகளைக் கணக்கிட்டால் 3.339683 வரும், உண்மையளவோ 3.141593. ஐந்து உறுப்புகளில் முதல் தசம ஸ்தானமே தவறாக நிற்கின்றது. இவ்விடரையும் அப்பரம்பரையினர் கண்டு, அதற்கு மாற்றும் கண்டனர். இல்லத்திலுள்ள மாணாக்கர் சிலேட்டை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கூட்டிய உறுப்புகளின் தொகை 5. அதன் வர்க்கம் 25. ஒன்று கூட்ட 26. நான்காற் பெருக்க 104. மறுபுறம், 5-ன் கனம் 125. நான்காற் பெருக்க 500. அதனோடு 5-ன் ஐந்து மடங்காகிய 25-ஐக் கூட்ட 525. 104-ஐ 525-ஆல் வகுக்க 0.198095. இதனை முன் கண்ட 3.339683-லிருந்து கழிக்க 3.141588 வரும். உண்மையளவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பத்து லட்சத்தில் ஐந்து பங்கேயாம். இத்திருத்தமின்றி இந்நுட்பம் பெறவேண்டின், ஏறக்குறைய இரண்டு லட்சம் உறுப்புகளைக் கணக்கிடல் வேண்டும்! இங்ஙனம் நுணுகிய மாதவர், பதினொரு தசம ஸ்தானம் வரை பிழையற்ற பரிதியளவை வழங்கினார் என்று பின்னோர் எழுதி வைத்துள்ளனர்.

பின்னோர் எழுதி வைத்தனர் என்றோம், அதுவே கருதத்தக்கது. மாதவர் இயற்றியவற்றுள் சந்திரகதி முதலியவற்றைப் பற்றிய சில சிறு நூல்களே நமக்குக் கிடைத்துள்ளன. இத்தொடர்களைக் கூறும் அவருடைய நூல் எதுவும் இன்று இல்லை. மாணாக்கரும், மாணாக்கரின் மாணாக்கரும், 'இது மாதவர் கூறியது' என்று பெயர் சொல்லி எடுத்தாண்டமையாலேயே அவர் புகழ் நிலைத்தது. மாணாக்கர் நன்றி மறந்திருப்பின் மாதவர் இறந்துபட்டிருப்பார்.

வாக்கியமும் யுக்தியும்

நம் முன்னோர் கணக்கைக் காத்தற்கு இரு வழிகள் கைக்கொண்டனர். ஒன்று நெட்டுருச் செய்தல். மற்றொன்று காரணம் காட்டுதல்.

முதல் வழிக்குக் கடபயாதி என்னும் முறை துணையாயிற்று. வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, எண்களைச் சொற்களாக மாற்றிவிடுவர். சங்கீதம் பயிலும் நம் பெண்மக்கள் அறியாமலே இதனைக் கையாள்கின்றனர். மேசகல்யாணி என்னும் மேளகர்த்தா இராகத்தின் முதலெழுத்தாகிய மகரத்துக்கு 5, சகரத்துக்கு 6, திருப்பிப் படிக்க 65. அவ்விராகம் 72 மேளங்களுள் 65-ஆவதே. தீரசங்கராபரணம் 29-ஆவதாதலும் இவ்வாறே. இம்முறைப்படி சந்திரனது கதியை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக அமைத்தனர். சந்திரன் பூமிக்கு அண்மையிலும் சேய்மையிலும் மாறிவரும் சுற்று ஏறக்குறைய இருபத்தேழரை நாளாகலின், ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்பது இதன் அடிப்படை. இன்றும் நம் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கம் என்று வழங்குவது, இவ்வாக்கியங்களால் வந்த பெயரே.

இவ்வழியின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டும் செய்தி ஒன்று உண்டு. 1825-ல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலை எழுதிய ஜான் வாரன் துரை, புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அக்கணிதர் காகிதத்தைத் தொடவில்லை. தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த சொற்களைக் கொண்டே கணித்து முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே பிழைத்தது என்று பிற்காலத்தார் ஒப்பிட்டுக் கண்டனர். சோழியும் நினைவுமே கருவியாகக் கொண்டு இவ்வளவு செய்தல் எளிதன்று.

ஆயின், அவ்வாரன் துரையே மற்றொன்றும் எழுதியுள்ளார்: தாம் செய்யும் கணக்கின் காரணம் அக்கணிதருக்குச் சிறிதும் தெரியாது என்பது. பல நூற்றாண்டுகளாக விடை கைம்மாறி வந்தது. காரணம் வழியில் எங்கோ நழுவிவிட்டது. நழுவியபின், பிழையைத் திருத்துவார் யார்? பரமேசுவரர் செய்ததுபோல வானத்தைப் பார்த்துக் கணக்கை மாற்றியமைப்பார் யார்?

இரண்டாம் வழியை மேற்கொண்டவர் ஜ்யேஷ்டதேவர். அவர் ஏறக்குறைய 1530-ல் யுக்திபாஷை என்னும் நூலை இயற்றினார். அக்காலத்துச் சாஸ்திரங்கள் பெரும்பாலும் வடமொழிச் செய்யுளில் அமைந்திருக்க, அவர் தம் நாட்டு மக்கள் பேசும் மலையாளத்தில், உரைநடையில், ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைப் படிப்படியாக விளக்கினார். வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தின் பக்கத்தை மிக நுண்ணிய பல துண்டுகளாக்குக, ஒவ்வொரு துண்டுக்கும் நேரான வில்லின் அளவை அறிக, அவற்றையெல்லாம் கூட்டுக, துண்டுகள் மேலும் மேலும் நுணுகுமாயின் தொகை எங்ஙனம் ஆகும் என்று நோக்குக. மாதவரின் தொடர் பிறந்தது இங்ஙனம் என்று காட்டி, பக்கத்திலிருந்து பாடம் சொல்லும் ஆசிரியர்போல நம்மை அழைத்துச் செல்கின்றார்.

மறுப்பும் சாட்சியும்

வாரன் துரையின் காலத்தில், இத்தொடர்கள் மலையாள நாட்டில் வழங்கிய செய்தி ஆங்கில உத்தியோகஸ்தர் செவிக்கு எட்டியது. ஐரோப்பாவில் இத்தொடரைக் கிரெகரி 1671-லும், லைப்நிட்ஸ் சில ஆண்டுகட்குப் பின்னும் கண்டிருந்தனர். ஆகவே, ஹைன் என்னும் அறிஞர், "இந்துக்கள் இவற்றைக் கண்டவரல்லர், ஐரோப்பியரே அண்மையில் யாரோ சில பண்டிதர்க்குச் சொல்லிக் கொடுத்திருத்தல் வேண்டும்" என்று கருதினார். வாரனும் அதற்கு இசைந்தார்.

விடை மட்டும் இருந்திருக்குமாயின், நாம் என் செய்திருப்போம்? புதுச்சேரிக் கணிதரைப் போலக் காரணமறியாது நின்றிருப்போம். மறுத்தவர் சொல்லே நிலைத்திருக்கும். நல்லூழாக, மலையாளத்தில் கம்பெனி உத்தியோகத்திலிருந்த விஷ் என்னும் துரை, அந்நாட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். தந்திரசங்கிரகம், யுக்திபாஷை முதலிய நான்கு நூல்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1834-ல் லண்டன் ஆசிய சங்கத்துப் பிரசுரத்தில் வெளிவந்தது. தொடர்கள் மட்டுமன்றி அவற்றின் காரணமும் இந்நாட்டு நூல்களில் உள என்று அவர் எடுத்துக் காட்டினார். விஷ் 1833-லேயே இளவயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் ஏறக்குறைய நூறாண்டு அக்கட்டுரையைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே. நம்மவருங்கூடக் கவனித்தாரில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் 1940-களில் சென்னையிற் கணிதப் பேராசிரியராயிருந்த சி. டி. இராஜகோபாலும் அவருடன் உழைத்தாரும் அந்நிரூபணங்களை இக்கால முறையில் விளக்கி எழுதினர். யுக்திபாஷையின் கணிதப்பகுதி 1948-ல் திருச்சூரில் விளக்கவுரையுடன் அச்சாயிற்று. கே. வி. சர்மா தம் வாணாளைச் சுவடிகளுக்கே ஈந்து, அதன் முழுப்பதிப்பையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஆயத்தம் செய்தார். அவர் 2005-ல் மறைந்தபின் 2008-ல் அது வெளிவந்தது. இன்று உலகக் கணித சரித்திர நூல்கள் மாதவர் பெயரை மரியாதையுடன் குறிக்கின்றன. பத்திரம் கையிலிருந்தமையால் நிலம் நிலைத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். "ஐரோப்பியர் நம்மிடமிருந்து களவாடினர்" என்று சிலர் ஆர்ப்பரிப்பதுண்டு. மலையாளத்திலிருந்து இத்தொடர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன என்பதற்குத் தக்க சான்று இதுவரை கிடைத்திலது. சான்றின்றி நம்மைப் பழித்தது தவறாயின், சான்றின்றிப் பிறரைப் பழிப்பதும் தவறே. இரு நாட்டு அறிஞர் தனித்தனியே ஓருண்மையைக் கண்டனர் என்பதில் யாருக்கும் இழிவில்லை.

இராமாநுஜர் காகிதங்கள்

நமது தமிழ்நாட்டில் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச இராமாநுஜரின் சரித்திரம் இதே பாடத்தை வேறொரு முகத்தாற் காட்டுகின்றது. கணிதமொன்றிலேயே மனம் சென்றமையால் ஏனைய பாடங்களில் தவறி, கலாசாலைப் படிப்பு முடியாமல், வறுமையுற்று நின்றவர் அவர். காகிதம் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டிற் கணக்கிட்டு, இடையிலுள்ள படிகளை முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஆகவே அவர் நோட்டுப் புத்தகங்களில் உள்ள ஆயிரக்கணக்கான முடிவுகளுக்குப் பெரும்பாலும் நிரூபணம் இல்லை. அவற்றுக்கெல்லாம் காரணம் காண அமெரிக்கப் பேராசிரியர் பெர்ண்ட் என்பார் 1977-ல் தொடங்கி, 1985 முதல் 1998 வரை ஐந்து பெரும் நூல்கள் வெளியிட நேர்ந்தது.

அவர் முன்னேறியது எவ்வாறு? நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ், அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டி துரைக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உதவி அளித்தது. 1918-ல் இராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கியது. 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் அவர் உயிர் நீத்தார். முதலிற் கிடைத்த அந்த 25 ரூபாய் இல்லாதிருப்பின் பின்னவை யாவும் இல்லை என்று நாம் கருதுகின்றோம்.

நோய்ப்படுக்கையிலும் அவர் எழுதிய காகிதங்களை, மனைவியார் ஜானகியம்மாள் வீணாக்காது சர்வகலாசாலையார்க்கு அளித்தார். அவை 1923-ல் ஹார்டியிடம் அனுப்பப்பட்டு, பின்னர் வாட்ஸன் என்னும் பேராசிரியர் கைக்குச் சென்றன. அவர் 1965-ல் காலமானபின், அவர் அறையின் தரையில் ஓரடி உயரம் குவிந்து கிடந்த காகிதங்கள் சில நாட்களில் எரிக்கப்படவிருந்தன. பார்க்க வந்த விட்டேக்கர் என்பவர் அக்குவியலைத் துழாவி, இராமாநுஜர் கையெழுத்தை அடையாளம் கண்டு எடுத்தார். டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் வைக்கப்பட்ட அவற்றை 1976-ல் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்டு உலகுக்கு அறிவித்தார். சில நாட்கள் தாழ்த்திருப்பின், தமிழ்நாட்டு மேதை ஒருவரின் இறுதியாண்டு உழைப்பு சாம்பலாயிருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் நோக்குங்கால் ஒன்று தெளிவாகின்றது. கணிதம் விடையால் மட்டும் வாழ்வதன்று; காரணத்தாலும், அதனைக் கைம்மாற்றும் மாணாக்கனாலும், ஏட்டைக் காப்பவனாலும் வாழ்வது. இம்மூன்றுள் ஒன்று குறையினும் விளக்கு அவிந்துவிடும். நமது குடும்பத்தினர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்திற் செய்யக்கூடியவை சில உள.

முதலாவது, ஏடு. பழைய வீடுகளின் பரணில் ஓலைச்சுவடிகள் இன்னும் கிடக்கின்றன. ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது புண்ணியம் என்று எண்ணி, நம் முன்னோர் எத்தனையோ சுவடிகளை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டனர். அவற்றுள் எண்சுவடியும் கணக்கதிகாரமும் மட்டுமோ, வேறு என்னென்ன இருந்தனவோ, யாரறிவார்? முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி என்றால் 80-ல் ஒரு பங்கு என்று திண்ணைப் பள்ளியிற் கற்ற பாட்டன்மார் கணக்கேடுகளும் சரித்திரச் சாட்சிகளே. அத்தகையன வீட்டில் இருப்பின், 1869-ல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ, தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ அறிவியுங்கள். படிக்கத் தெரியாத ஏடு பயனற்ற ஏடு அன்று. படிப்பவன் இன்னும் வந்து சேராத ஏடு.

இரண்டாவது, காரணம். பிள்ளைகள் வாய்பாட்டை ஒப்பிப்பதில் மகிழும் பெற்றோர், "இஃது ஏன் இவ்வாறு?" என்று அவர்கள் கேட்கும்போதும் மகிழ்தல் வேண்டும். தெரிந்தாற் சொல்லுக, தெரியாவிடின், "தெரியவில்லை, இருவரும் பார்ப்போம்" என்க. ஆஸன்னம் என்று எழுதிய ஆரியபடருக்கு அதனால் பெருமை குறைந்ததில்லை. இது ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்மக்களுக்கும் சமமாக உரியது.

மூன்றாவது, உதவி. ஒரு பாடத்தில் தேறாத பிள்ளையை ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒதுக்கிவிடாமல், அவன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் இராமச்சந்திர ராவ் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். நமது கல்வி நிதிக்குப் பொருளளிக்கும் அன்பர்கள், மதிப்பெண் பட்டியலோடு நில்லாது, பிள்ளையோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசவும் முன்வருவாராக.

மேடையில் நாம் பேசும் பெருமையைக் கேட்டு, இனி ஒரு சிறுவன் எழுந்து, "யார்? எப்போது? எப்படி?" என்று வினவுவானாயின், அவனை உட்காரச் சொல்லவேண்டாம். அவனை அருகழைத்து, பிரமகுப்தர் பெயரையும் 628 என்னும் ஆண்டையும் சொல்லி, மாதவரின் தொடரைச் சிலேட்டில் எழுதிக் கொடுப்போம். நிளையாற்றங்கரையில் ஆசிரியரும் மாணாக்கரும் இருநூறு ஆண்டு செய்ததும் அதுவே.